எலும்பு இருக்கிற பேய்

என் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்று, மேலே முகவரியை மட்டும் உன் அத்தானை விட்டு எழுதச் சொன்னேன். ஒரு சின்ன ஏமாற்று வேலையோடுதான் கடிதமே ஆரம்பிக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் மட்டும், மழை வருவதை முதல் நாளே சொல்லிவிடுகிறது. மற்றபடி உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. இன்னும் ஒன்பது வாரம். நீ வரவேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் வருவது, வராதது எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினோரு வருடமாக நான் மறைத்தது. அது தெரியாமல் நீ வந்து, எல்லார் முன்னாலும் என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றால், நான் மறுபடியும் உன்னை ஏமாற்றியவள் ஆவேன். தெரிந்த பிறகு நீ வராவிட்டால் அது நியாயம். கடைசி வரை படி. இவ்வளவுதான் இப்போதைக்கு என் வேண்டுகோள்.

முகவரியைக் கொடுத்தது கல்யாணப் பெண்தான், உன் அக்கா மகள். நாலு வருடமாக நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் நல்லதாக நடந்திருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். அவள் சொன்னாள்: "சித்தி வரலைன்னா நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேம்மா. நீ கூப்பிடலைன்னாதான் கேப்பேன்." என்னைப் பெற்றவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

முதலில் சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருடம் எலும்பு முறிவு வார்டில் இருந்தவர். சிரித்தால் அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் பதில் சொல்லும். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் தட்டை மேஜையில் வைத்துக்கொண்டே, "நான் ஒருத்திதான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது. அதுதான் இன்னும் கேவலம். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு தன் கோப்பைக்குள் பார்த்தார். உன் அக்கா மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் தங்கை சினிமாவில் பேய் வேஷம் போட்டவள் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயம். பதினோரு வருடமாக யாரிடமும் உன்னைப் பற்றி வாய் திறக்காமல் பழகியவளுக்கு, அன்று அதைச் சொல்வது கஷ்டமாகவே இல்லை. ஆனால் அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா என்ன கேட்டார் தெரியுமா? "சம்பந்தி, நீங்க பேய்ப் படம் பாப்பீங்களா? எனக்குன்னா உசிரு. கூட வர ஆளில்லாமத்தான் தவிச்சுக்கிட்டிருக்கேன். எம்மவன் பயந்தாங்கொள்ளி."

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. புதன்கிழமை மதியம் பழைய பேய்ப் படம், மாயாஜாலப் படம் எல்லாம் போடுகிறார்கள். சம்பந்தி கூப்பிட்டு எப்படி மறுப்பது? போனேன். பிரார்த்தனைக் குழுவில் "மாப்பிள்ளை வீட்டு வேலை" என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் வாரம் துணைக்குப் பிரார்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அலறலிலேயே அது கீழே விழுந்துவிட்டது. சம்பந்தியம்மா காலால் துழாவி எடுத்துக் கொடுத்து, "உங்க புத்தகமா இது? ஏதோ கைதான் வந்து காலைப் பிடிக்குதுன்னு நெனச்சு நல்லா மிதிச்சிட்டேன்" என்றார். இரண்டாவது வாரத்திலிருந்து புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டேன்.

எட்டு வாரம், எட்டுப் படம். நான்தான் எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டேனே. என்ன படம், என்ன பேய், எத்தனை தடவை கண்ணை மூடினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் இருபத்து மூன்று தடவை. ஐந்தாவது வாரம் நாலு. இந்த விஷயத்தில் என் கருத்தைக் கேட்க இங்கே ஆளில்லை. உன்னிடம்தான் சொல்லமுடியும். உனக்குத் தொழில் தெரியும். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

மாயாஜாலப் படம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண் கண்ணாடி வழியாக வேறு உலகத்துக்குப் போகிறாள், அங்கே பாறை பேசுகிறது. பாறை பேசியதை உடனே நம்பிவிட்டேன். ஏழு வருடம் காட்டில் திரிந்தவளின் உடை கசங்கவே இல்லை என்பதைத்தான் நம்பமுடியவில்லை. இரத்தம் குடிக்கிறவன் படம் பிடிக்கவில்லை. முந்நூறு வருடமாகச் சாகாமல் இருக்கிறானாம், ஒரு உருப்படியான வேலை கற்றுக்கொள்ளவில்லை. பேய்ப் படத்தில் எல்லாரும் சத்தம் கேட்ட அறைக்குத் தனியாகத்தான் போகிறார்கள். கை எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கும், போடமாட்டார்கள். சுவர் வழியாகவே வரத் தெரிந்த பேய்க்குக் கதவைக் கிரீச்சென்று திறப்பதில் என்ன ஆசை என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். "மரியாதை தெரிஞ்ச பேய். சொல்லிட்டு வருது" என்றார்.

ஒன்று மட்டும் என் மனதைக் குத்திக்கொண்டே இருந்தது. பேயை விரட்ட வருகிற பெரியவர் எல்லாப் படத்திலும் கத்துகிறார். போ போ என்கிறார். எதையாவது வீசுகிறார். ஒருவராவது, "உக்காரும்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. கேட்டால் படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தெரிகிறது. இருந்தாலும் கேட்கலாம்.

ஆறாவது வாரம் உன் படம் வந்தது.

எனக்குத் தெரியாது. நீ நடித்த படங்களின் பெயரைக் கூட நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்ததையும், சண்டைக் காட்சி மாஸ்டர் ஒருவர் வந்து பார்த்ததையும், கதாநாயகிக்குப் பதிலாக உன்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதையும் நீ சொன்னபோது, காதைப் பொத்திக்கொண்டவள் நான். அன்று படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேயே வரவில்லை, வழக்கம் போலத்தான் இருந்தேன். மாடிப்படியில் ஒரு உருவம் தலைகீழாக, முதுகை வில்லாக வளைத்து, கைகளாலும் கால்களாலும் இறங்கி வந்தது. முகம் முழுவதும் முடி. தியேட்டரே அலறியது. நானும் அலறினேன். கீழே வந்து நின்றது. யாரோ கூப்பிட்டார்கள். முதலில் வலது தோள் மெல்ல மேலே போனது. பிறகுதான் தலை திரும்பியது.

உன்னை யார் கூப்பிட்டாலும் நீ அப்படித்தான் திரும்புவாய். தோள் முதலில், தலை பிறகு. குளிக்க வா என்று கூப்பிட்டால் அப்படி. சாப்பிட வா என்று கூப்பிட்டாலும் அப்படி. சின்ன வயதில் அதற்காக உன் தோளில் எத்தனை அடி போட்டிருப்பேன்.

கண்ணை மூடவில்லை. அன்றைய நோட்டில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரை பார்த்தேன். நீ சுவரில் ஊர்ந்தாய், கூரையில் நடந்தாய், கிணற்றிலிருந்து ஏறி வந்தாய். முடிவில் பெயர் போட்டார்கள். பேயாக நடித்தது என்று கதாநாயகியின் பெயர் வந்தது. உன் பெயர் எங்குமே இல்லை.

வெளியே வரும்போது சம்பந்தியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மாதிரி ஒரு பேய் இனிமே வராது சம்பந்தி. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல கொழகொழன்னு பண்ணிடறாங்க. இது எலும்பு இருக்கிற பேய். முப்பது வருஷம் எலும்பைப் பாத்தவ சொல்றேன், அந்த முதுகு வளையறதுக்கு எத்தனை வருஷப் பயிற்சி வேணும்! எந்தப் புண்ணியவதி கூடப் பிறந்த பொண்ணோ." பெற்ற என்று சொல்லவில்லை, பார். கூடப் பிறந்த என்றுதான் சொன்னார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் பேச்சு அப்படித்தான் போகும். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் மாப்பிள்ளை சாப்பிட வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. நல்ல பையன், அதிகம் பேசமாட்டார், தொழிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். கம்பிக் கயிற்றை எப்படிச் சோதிப்பார்கள் என்று அத்தான் கேட்டார். "கையில துணியைச் சுத்திக்கிட்டு முழு நீளமும் தடவணும் மாமா. ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில மாட்டும். மெஷின்ல தெரியாதது கையில தெரியும்" என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உன் கயிற்றை அன்று யாராவது இப்படித் தடவிப் பார்த்தார்களா?

இனி அந்த விஷயம்.

எங்கள் பிரார்த்தனைக் குழுவில் ஒரு பதிவேடு உண்டு. யாருக்கு என்ன வேண்டுதல், எந்தத் தேதியில் சொன்னார்கள், எந்தத் தேதியில் நிறைவேறியது என்று கட்டம் போட்ட பெரிய நோட்டு. நான் குழுவில் சேர்ந்ததிலிருந்து அதை எழுதுவது நான்தான். பள்ளிக்கூடம் ஆறோடு நின்றவளுக்கு, உன் புத்தகங்களைத் திருட்டுத்தனமாகப் படித்து எழுதக் கற்றவளுக்கு, அது பெரிய பதவி. அடித்தல் திருத்தல் கூடாது என்று விதி வைத்தவளும் நான்தான். வேண்டுதல் நீல மையில். நிறைவேறினால் சிவப்பு மையில்.

நீ சினிமாவில் சேர்ந்த மூன்றாவது வருடம், நாற்பது நாள் பிரார்த்தனை ஆரம்பித்தோம். என் வேண்டுதலாக நான் எழுதியது: "உடன்பிறந்தவள் ஒருத்தி, செய்யக்கூடாத வேலையை விட்டுவிடவேண்டும்." தினமும் பதினைந்து பேர் எழுந்து நின்று அதற்காக வேண்டிக்கொண்டார்கள். உன் உடம்பைக் காப்பாற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம் அத்தான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். அத்தானுக்குப் போன் வந்ததாம், அவசரமாக ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். "உங்க தங்கச்சி இனிமே அந்த வேலைக்குப் போக மாட்டாங்களாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்மா" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அவசரமாக ஏன் கிளம்பினார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எல்லாரும் கை கூப்பினார்கள். சிலர் அழுதார்கள். நான் சிவப்பு மை எடுத்து "நிறைவேறியது" என்று எழுதித் தேதி போட்டேன். அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

மூன்றாம் நாள் அத்தான் வந்து சொன்னார். கயிறு அறுந்தது, இரண்டு மாடி உயரம், முதுகெலும்பு.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அத்தான் சொல்லி முடித்ததும், உன் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்னால், எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். அப்பாடா, விட்டுவிட்டாள் என்று. அந்த ஒரு மூச்சைத்தான் நான் உன்னிடம் மறைத்தேன். பதிவேட்டைக் கூட மன்னிப்பாயோ என்னவோ. அந்த மூச்சை எப்படி மன்னிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "அக்கா, கோபமா இருந்தா இரு. ஆனா நீ வேண்டிக்கிட்டா பலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, எனக்கு எழுந்து நடக்க வேண்டிக்கோ." அதற்குத்தான் நான் பதில் எழுதவில்லை. உன் வேலையின் மேல் இருக்கிற கோபத்தால் நான் வரவில்லை என்று நீ நினைத்தாய். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோபக்காரி என்ற பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது. எட்டு மாதம் நீ படுக்கையில் இருந்தாய். அத்தான் ஐந்து தடவை வந்தார். ஐந்து தடவையும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

கடவுள் என் வேண்டுதலைக் கேட்டுத்தான் கயிற்றை அறுத்தாரா? அப்படி நினைத்தால் அவரைக் கும்பிட முடியவில்லை. இல்லை என்று நினைத்தால், அந்தச் சிவப்பு எழுத்துக்கு அர்த்தம் இல்லை. தினமும் காலையில் போய் நிற்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை எட்டாவது படம். ஒரு குடும்பம், பெரிய வீடு. வாடகைக்கு வந்தவர்கள் கேட்கும்போதெல்லாம், "இந்த வீட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை" என்று வீட்டுக்காரப் பெண்மணி சொல்கிறாள். நல்ல பட்டுத்துணி மாதிரிக் குரல். மாடியில் யாரோ நடக்கிறார்கள். இவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் அதையே சொல்கிறாள். தியேட்டரில் எல்லாரும் மாடியைப் பார்த்துப் பயந்தார்கள். எனக்கு அந்தப் பெண்மணியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இடைவேளையில் விளக்குப் போட்டதும், சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் ஒருத்தி இல்லை, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஆறாவது வாரம் மாடிப்படியில் இறங்கி வந்தது அவள்தான் என்று.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த எலும்பு?"

நான் கயிறு அறுந்ததைச் சொல்வதற்கு முன்பே கேட்டார். அந்த மாதிரி முதுகை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்தவர்கள் யாரும் முழுசாக வெளியே வருவதில்லையாம். எனக்குப் பதில் தெரியவில்லை. முதுகெலும்பு என்று மட்டும் சொன்னேன். "முதுகெலும்பு ஒண்ணா ரெண்டா? முப்பத்துச் சொச்சம் இருக்கு. கூடப் பிறந்தவளுக்கு எது உடைஞ்சுதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பதிவேட்டையும் சொன்னேன். அந்த ஒரு மூச்சையும் சொன்னேன்.

மீதிப் படம் முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. சிரிக்கவும் இல்லை. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். இதை என் மகளிடம் சொல்லாதே.

வாசலில் வந்துதான் பேசினார். "என்கிட்ட சொன்னது போதாது. அவகிட்ட சொல்லுங்க. நான் உங்களை மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு, எம்முதுகா உடைஞ்சுது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து, "எட்டு வாரம் பக்கத்துல உக்காந்து என் முறுக்கைத் தின்னுட்டு, கடைசியில இப்பச் சொல்றீங்களே!" என்று ஒரு முறை முறைத்தார். அதன் பிறகுதான் கல்யாணம் நிற்காது என்று எனக்குத் தெரிந்தது.

பிரார்த்தனைக் குழுவில் இன்னும் சொல்லவில்லை. பொய் சொல்லமாட்டேன், தைரியம் வரவில்லை. பதிவேட்டை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். கல்யாண வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவுதான். இதற்கு மேல் உன்னிடம் மறைத்தது ஒன்றும் இல்லை.

நீ இப்போது எப்படி நடக்கிறாய் என்று உன் அக்கா மகளிடம் கேட்டேன். "மெதுவா நடப்பாங்க, படி ஏறக் கஷ்டம், கீழே உக்காந்தா எழுந்திருக்க ஆள் வேணும்" என்றாள். இதை நான் மூன்றாம் மனுஷியைப் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாடி அறை உனக்கு வேண்டாம். கீழே, கூடத்தை ஒட்டிய அறையை ஒழித்திருக்கிறேன். அத்தானும் நானும் மேலே போய்விடுகிறோம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நீ வந்தால் உன்னை யாரென்று எல்லாரிடமும் நானே சொல்வேன். என்ன வேலை செய்தாய் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வாய் வரவில்லை. உனக்காக என்ன வேண்டிக்கொள்ளவேண்டும் என்று நீயே சொல். நீ சொல்வதைத் தவிர வேறெதையும் கேட்கமாட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றால், ஒன்றும் கேட்காமல் இருக்கிறேன்.

கட்டில் பற்றிச் சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முதுகெலும்பு உடைந்து தேறியவர்கள் படுக்கும் கட்டில் தாழ்வாக இருக்கக்கூடாதாம். தரையிலிருந்து அவரவர் முழங்கால் உயரம் இருக்கவேண்டுமாம். தச்சர் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வருகிறார். உன் முழங்கால் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைவிட நீ உயரம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. யாரையாவது பிடித்து அளந்து எழுது. வருகிறேன் என்று எழுதவேண்டாம். அளவை மட்டும் எழுது.

உன் அக்கா